எடை மேசைக்கு வந்த மூன்று புகார்கள்

தராசில் ஏறி நின்று, "சரியாகத்தான் காட்டுகிறது" என்று சொன்ன ஒரு பிள்ளையையோ, பிள்ளையைப் பெற்றவரையோ இந்தத் தொழிலில் நான் இன்னும் பார்க்கவில்லை. கூடுதலாகக் காட்டினாலும் தராசு கோளாறு, குறைவாகக் காட்டினாலும் தராசு கோளாறு. தராசைத் திட்டி லாபமில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைத் திட்டுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்.

ஆவடியில் கராத்தே போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகளை எடை பார்ப்பது என் வேலை. நகம் வெட்டியிருக்கிறதா, காதில் கம்மல் கிடக்கிறதா, அடிபடாமல் பல்லில் மாட்டுகிற ரப்பர் கொண்டுவந்தாளா என்று பார்ப்பதும், உடை மாற்றும் அறை வாசலில் காவல் இருப்பதும் அதோடு சேர்ந்தவை. போட்டியில் ஸ்கோர் எழுதுகிறவர்கள், மணி அடிக்கிறவர்கள், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் கயிறு பிடித்து நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்றபடியே அடி வாங்குகிற கூட்டம்.

என் தகுதி

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டை கம்பெனியில் பதினெட்டு வருடம் செக்கிங் வேலை பார்த்தேன். காலர் ஒரு நூல் ஏறியிருந்தால் போதும், சட்டையைத் தூக்கி ரிஜெக்ட் கூடையில் போட்டுவிடுவேன். நின்று நின்று முட்டி தேய்ந்தது, வேலையை விட்டேன். வீட்டில் சும்மா இருந்தால் எனக்குக் கவலைப்பட விஷயம் போதாது. கேஸ் மூடினேனா, மோட்டார் நிறுத்தினேனா என்று ஒரே விஷயத்துக்கு நாலு தடவை கவலைப்பட வேண்டியிருந்தது.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே கராத்தே சங்கத்துச் செயலாளர் குடியிருக்கிறார். அவர் ஒருநாள் வந்து, எடை மேசைக்கு நீங்கள் வர வேண்டும் என்றார். எனக்குக் கராத்தே தெரியாது, அந்த வெள்ளை உடுப்பைத் துவைப்பது கஷ்டம் என்பது மட்டும்தான் தெரியும் என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "அக்கா, பொண்ணுங்க ரூம்ல ஒரு பொம்பள இருந்தே ஆகணும்னு ரூல் வந்துருச்சு. நீங்க பொம்பள. மத்த தகுதியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

நாற்பத்தாறு புள்ளி எட்டு

போன வருடம், நான் மேசைக்கு வந்த புதிது. தர்ஷினி என்று ஒரு பிள்ளை. பதின்மூன்று வயது. அப்பா தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. நாற்பத்தேழு கிலோவுக்குள் இருக்கிறவர்களின் பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். உதடு வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி வெடித்திருந்தது. அதை நான் பார்த்தேன். தராசு நாற்பத்தாறு புள்ளி எட்டு காட்டியது. அதையும் பார்த்தேன். தராசு காட்டியதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது சண்டையில், எதிரில் நின்ற பிள்ளை காலைத் தூக்குவதற்கு முன்னாலேயே தர்ஷினி கொடியிலிருந்து நழுவிய புடவை மாதிரி, சண்டைக்காக விரித்த ரப்பர் மேட்டில் மடிந்து விழுந்தாள். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள், கவலைப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொன்னார். கடைசியாக எப்போதம்மா சாப்பிட்டாய் என்று கேட்டேன். எடை குறைய வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சாப்பிட்டதோடு சரியாம். அன்று ஞாயிறு.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. செயலாளரிடம் போய், தராசு சரி என்று சொன்னாலும் பிள்ளை சரியில்லை என்றால் நிறுத்துகிற அதிகாரம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்தார். கூடவே மேசை ஓரத்தில் ஆணி அடித்து, சணல் கயிற்றில் ஒரு புகார் நோட்டையும் அதற்கொரு நீலப் பேனாவையும் தொங்கவிட்டார். "சிவப்பு மையில நீங்க நிறுத்துன்னு எழுதினா நிறுத்தினதுதான். ஆனா ரெண்டு புகார் வரைக்கும் நான் உங்க பக்கம், அக்கா. மூணாவது வந்தா நோட்டு பக்கம். வேற ஆளைப் போட்டுருவேன்."

கோணி ஊசி

நாற்காலி போனால் எனக்குச் சோறு போகாது. ஆனால் அதில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்து, உதட்டைப் பார்க்காமல் தராசை மட்டும் பார்த்து எழுதிவிட்டால்? அந்தக் கவலைதான் என்னை மேசையோடு கட்டிப் போட்டது. அதனால் சிவப்புப் பேனாவைக் கண்டபடி எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். பட்டினிப் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? சாப்பிட்டாயா என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் இட்லி என்கிறது. எத்தனை என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் நாலு என்கிறது. வீட்டிலேயே சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

சட்டை கம்பெனியில் காலையில் சாப்பிடாமல் வந்தவளை நாங்கள் ஊசியில் கண்டுபிடிப்போம். சாப்பிட்டவள் இரண்டாவது தடவையில் நூல் கோத்துவிடுவாள். சாப்பிடாதவள் ஊசியைத் துரத்திக்கொண்டே இருப்பாள். அதை இங்கே கொண்டுவந்தேன். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் தோற்றார்கள். பட்டினியால் இல்லை, இவர்களில் பாதிப் பேர் ஊசியைக் கையில் தொட்டதே இல்லை. அடுத்த வாரம் சாக்கு தைக்கிற கோணி ஊசியும் தடித்த நூலும் வாங்கினேன். அதன் கண்ணுக்குள் குருவியே நுழையும். "ஆன்ட்டிக்குக் கண்ணு தெரியலம்மா, கொஞ்சம் கோத்துக் குடு" என்று எல்லாரிடமும் கேட்பேன். கை நடுங்கினால் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் உட்கார். அப்புறமும் நடுங்கினால்தான் பேனா.

ஊசி தொலைந்து மேட்டில் யார் காலிலாவது ஏறிவிடுமோ என்று அது ஒரு தனிக் கவலை. இருபது ஊசி, சாயங்காலம் இருபதும் எண்ணித்தான் டப்பாவில் போடுவேன். கோத்த ஊசிகளை வரிசையாக ஒரு ரெக்சின் துண்டில் குத்தி வைத்திருந்ததைப் பார்த்து, பட்டாபிராமிலிருந்து வந்த ஒரு வாண்டு கேட்டது: "ஆன்ட்டி, இம்மா ஊசி கோத்து வச்சிக்கினு இன்னாத்த தைக்கப் போற, மேட்டையா?"

இடது கை

உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பது விதி. கொலுசு, கம்மல், இரும்பு கிளிப் எல்லாம் என் கூடைக்கு வந்துவிடும். ஒரு பிள்ளையின் கழுத்தில் செம்புத் தாயத்து. கழற்றச் சொன்னதும் அவள் அம்மா என் எதிரில் வந்து நின்றார். மந்திரித்துக் கட்டியதாம், கட்டிய நாளிலிருந்து கழற்றியதே இல்லையாம். எதிரில் நிற்கிற பிள்ளையின் கண்ணில் அது கிழித்தால் என்ன செய்வீர்கள் என்றேன். அந்தப் பிள்ளையும் ஒன்று கட்டிக்கொண்டு வரட்டும் என்றார்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. தாயத்தை நான் கையில் வைத்துக்கொண்டு, சண்டை முடிகிறவரை பிள்ளையைப் பார்த்தபடி மேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முட்டி வலியோடு நின்றேன். பிள்ளை எட்டுக்குப் பூஜ்யம் தோற்றது. அந்த அம்மா நேராகப் போய் நோட்டில் எழுதினார். எனக்கு வந்த முதல் புகார் அதுதான். செயலாளர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்: "எடை மேசை அம்மா தாயத்தை இடது கையில் பிடித்திருந்தார்."

ஆள் இல்லாத பிரிவு

பதக்கச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டுக்கு உதவும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். எதிராளியே இல்லாத எடைப் பிரிவில் பெயர் கொடுத்தால், சும்மா நின்றாலே தங்கம் என்பதும் தெரியும். அதனால் போட்டிக்கு முந்தின வாரம் எனக்கு வருகிற போன் எல்லாம் ஒரே கேள்விதான்: எந்த வெயிட்டில் ஆள் கம்மி? நல்ல நாள் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

அம்பத்தூர் ஃபிளாட்டில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், பத்து வயது மகளைக் கூட்டி வந்தார். முப்பத்தொன்பது கிலோ பிள்ளை. நாற்பத்திரண்டுக்கு மேல் உள்ள பிரிவில் பெயர் கொடுத்திருந்தார், அங்கே யாருமில்லை. பிள்ளை மெதுவாக, தளும்பிவிடாமல், நிறைகுடம் நடந்து வருவது போல வந்தது. ஒன்றரை லிட்டர் தண்ணீரும் நாலு வாழைப்பழமும் உள்ளே. ஊசியை அருமையாகக் கோத்தது. தராசில் ஏறியதும் நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று. எழுதப் போனேன். பிள்ளையின் டீ-ஷர்ட்டுக்குள் வயிற்றுப் பக்கம் நீலமாக ஒரு விளக்கு மின்னியது.

பிள்ளைகளை நாங்கள் தொடக் கூடாது, அதுவும் விதிதான். அறைக்குள் போய் என்ன இருக்கிறதோ எடுத்துவிட்டு வாம்மா என்றேன். மூன்று பவர் பேங்க், அவற்றை வயிற்றோடு கட்டியிருந்த ஒரு கிரேப் பேண்டேஜ். நாளைக்கே அந்தப் பிரிவில் ஐம்பத்தைந்து கிலோவில் ஒருத்தி வந்து நின்றால் உங்கள் பிள்ளை கதி என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். பதில் நோட்டில் வந்தது, இரண்டாவது புகாராக: சோதனை என்ற பெயரில் மகளின் தன்னம்பிக்கையைக் குலைத்தேனாம். மகள் அப்படி ஒன்றும் குலைந்து போனதாகத் தெரியவில்லை. போகும்போது என் மேசையில் கிடந்த போனை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஆன்ட்டி, உங்க போன்ல சார்ஜே இல்ல. வேணும்னா எங்கிட்ட மூணு இருக்கு."

கதவு

இரண்டு புகார் ஆகிவிட்டது. அடுத்தது யாரிடமிருந்து என்று தெரியாத கவலையில் இருந்தபோதுதான் பாபு மாஸ்டர் விஷயம் வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர். கோபக்காரர் என்று பெயர். அவர் மாணவி ஒருத்தி சண்டைக்கு முன்னால் அழுதாள் என்று, பேசித் தேற்றுவதற்காக ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். எந்த மாஸ்டரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. நான் என் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கதவைத் திறந்து, நிலைப்படியிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன்.

பத்து நிமிடம் கழித்து என் மேசைக்கு வந்தார். நோட்டைக் கையில் எடுத்தார். கயிற்றில் தொங்குகிற பேனாவையும் எடுத்தார். மூன்றாவது வந்துவிட்டது என்று நினைத்தேன். நோட்டை வைத்து முகத்துக்கு விசிறிக்கொண்டார். "எம்மா, பதினஞ்சு வருசமா இந்தக் கதவ எவனாவது தொறந்து வெச்சிட்டு குந்த மாட்டானான்னு பாத்துக்கினு கீறேன். மூடினா ஜனம் தப்பா பேசுது, தொறந்தா நானும் நிம்மதியா பேசலாம், காத்தும் வருது. இனிமே நீ அங்கயே குந்து."

உப்புமா

அதே பாபு மாஸ்டர் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக் கிளப் பிள்ளையின் சண்டைக்கு நடுவராக நிற்கக் கூடாது என்பது வழக்கம். ஒருநாள் வர வேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். மீதி இருந்தவர் பாபு மாஸ்டர் மட்டும், மேட்டில் நின்றது அவருடைய சொந்த மகள். எதிர்க் கிளப்காரர்களே, பாபு நின்றால் எங்களுக்குச் சம்மதம் என்றார்கள். மகள் எதிராளியின் முகத்தில் கூடாத பலத்தோடு குத்தினாள். எச்சரித்தார். மறுபடி குத்தினாள். முன்னணியில் இருந்த மகளை வெளியே அனுப்பிவிட்டார். கேலரியிலிருந்து அவர் மனைவி எழுந்து போனதை ஹால் முழுக்கப் பார்த்தது. அன்று எனக்குப் புகார் வராது என்று எனக்குத் தெரியும், எல்லாப் புகாரும் அவர் வீட்டுக்குப் போயிருக்கும். மகளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்து, என் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊட்டுக்கு வராத, உப்புமா கூட கெடையாதுன்னு மெசேஜ் போட்டுக்கீறா. உன்னாண்ட இன்னா கீது?"

மூன்றாவது

இந்த வருட மாவட்டப் போட்டிக்குத் தர்ஷினி திரும்ப வந்தாள். ஒரு வயது கூடியிருக்கிறது, இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள். பெயர் கொடுத்திருந்தது அதே நாற்பத்தேழுக்குள். ஜெயிக்கிறவள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மேல் பிரிவில் அம்பத்தூர்ப் பெண் ஒருத்தி யாரையும் விட மாட்டாள் என்பதால், அப்பா சுடலைமுத்து கீழேயே இருக்கச் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தராசு நாற்பத்தாறு புள்ளி ஒன்பது காட்டியது. சுடலைமுத்து மூச்சு விட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கம், நல்ல மனிதர், மகளை அதட்டிக்கூடப் பேசாதவர். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஊசியைக் கொடுத்தேன். குருவி நுழைகிற கண். ஏழு தடவை நூல் பக்கவாட்டில் போயிற்று. வாழைப்பழம் கொடுத்தேன். எடை ஏறிவிடும் என்று தொடவில்லை. எடைதான் எழுதியாகிவிட்டதே என்றேன். அப்போதும் அது இறங்கவில்லை, வாயில் வைத்ததும் குமட்டியது. அரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடி கொடுத்தேன். "ரெண்டு ஊசி தெரியுது ஆன்ட்டி, எதுல கோக்கணும்?" என்று கேட்டாள். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"எடை சரியாத்தான இருக்கு?" என்றார் சுடலைமுத்து.

"சரியா இருக்குண்ணே."

"பெறவு?"

"பிள்ளை சரியா இல்ல."

"ஏ யக்கா, சண்ட போடுததுக்குக் கூட்டிட்டு வந்தா ஊசி கோக்கச் சொல்லுதீங்க. எந்த ரூல்ல ஊசி கெடக்கு?"

எந்த விதியிலும் இல்லைதான். ஊசியை அவரிடம் நீட்டி, நீங்கள் கோத்துக் காட்டுங்கள் என்றேன். இதென்ன பெரிய விஷயம் என்று வாங்கினார். ஒன்று, இரண்டு, ஆறு தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏழாவது தடவை. விரல் ஆடியது. தர்ஷினி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் தனியாகப் பட்டினி கிடக்கக் கூடாது என்று அப்பாவும் வெள்ளிக்கிழமையிலிருந்து சாப்பிடவில்லையாம், வேலைக்கும் அப்படியே போய் வந்தாராம்.

முதலில் இரண்டு பேருக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சம்பழ சாதம், உருளைக்கிழங்கு. மெதுவாக, ஆளுக்குப் பாதி. மூடியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தபிறகு சுடலைமுத்து நோட்டை எடுத்து, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினார். எழுதி முடித்து என்னிடமே நீட்டினார். "சோறு போட்டதுக்கு நன்றின்னு கடைசில எழுதிருக்கேன், யக்கா. ஆனா வருசம் பூரா புள்ள பட்ட பாட்டுக்கு நா யாரையாவது ஒரு வார்த்த கேட்டாகணும்லா. புகாரு புகாருதான்."

நாற்காலி

செயலாளர் சொன்ன சொல் தவறாதவர். அடுத்த போட்டிக்கு என் நாற்காலியில் தாயத்து அம்மா உட்கார்ந்தார். விதி பற்றி அவருக்கு அக்கறை அதிகம், அதனால்தான் புகாரே எழுதினார் என்று செயலாளர் விளக்கினார். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. தராசைச் சமதளத்தில் வைத்தார்களா, அரிசி மூட்டை வைத்துச் சரிபார்த்தார்களா, ஊசி இருபதும் எங்கே? பத்து மணிக்கெல்லாம் கிளம்பிப் போய்க் கேலரியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கீழே நடப்பதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று முயன்றேன். பதினெட்டு வருடம் செக்கிங் பார்த்த கண், கேட்குமா?

மத்தியானத்துக்குள் நோட்டில் நாலு புகார். கம்மல் கழற்றச் சொன்னதற்கு ஒன்று. கழற்றச் சொல்லாததற்கு ஒன்று. தன் மகளை மட்டும் தாயத்தோடு மேட்டுக்கு அனுப்பியதற்கு ஒன்று. நாலாவது அவரே எழுதியது, நாற்காலி ஆடுகிறது என்று. செயலாளர் படியேறி, மூச்சு வாங்க, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு மூணு சேர ஒரு வருஷம் ஆச்சு, அக்கா. அவங்களுக்கு அரை நாள்ல நாலு. கணக்குப் பார்த்தா நீங்கதான் நமக்குக் கட்டுப்படி. எறங்கி வாங்க."

நாற்பத்தொன்பது

மாநிலப் போட்டிக்கு இந்த வருடம் வேறு ஒரு பிள்ளை போனாள். தர்ஷினி போயிருக்க வேண்டியவளோ என்று எனக்கு இன்னும் தோன்றும். நான் செய்தது சரி என்று சொல்லிக்கொள்வதில்லை, செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் வேப்பம்பட்டில் ஒரு கிளப் நடத்திய போட்டிக்கு அவள் வந்தாள். நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு, மேல் பிரிவு. கையில் பொட்டலத்தில் பாதி வடை. சுடலைமுத்து தூரத்தில் நின்று, எனக்கு வணக்கம் வைப்பதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் மீதி வடையைத் தின்றுகொண்டே தலையை ஆட்டினார். அம்பத்தூர்ப் பெண்ணிடம் அவள் இரண்டு புள்ளியில் தோற்றாள். விழவில்லை. தோற்றுவிட்டு நடந்து வந்து, கூடையில் கிடந்த தன் கம்மலைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். காலையில் எடை பார்த்தபோது ஊசியை வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே, ஊசியைப் பார்க்காமலே கோத்துக் கொடுத்திருந்தாள். அதை நினைத்து நான் சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதுன்னு போன தடவையே எனக்குத் தெரியும் ஆன்ட்டி. மத்த புள்ளைங்ககிட்ட சொல்லல."

தராசு பொய் சொல்லாது என்பது உண்மைதான், ஆனால் அது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிற கெட்டிக்காரக் கழுதை என்பதால், மிச்சத்தைக் கேட்க ஒரு கோணி ஊசியும் அதற்குத் திட்டு வாங்க ஒரு பொம்பளையும் தேவைப்படுகிறது.